கயித்தான் கட்டிய வாய்கள்

புன்னந்துறையில் சுறாக்கள் தெருவுக்கு ஏறி வந்த அந்த வருடத்தை ஊர்க்காரர்கள் சுறா வந்த வருஷம் என்று சொல்வதில்லை. கயித்தான் சாப்பிடாத வருஷம் என்றுதான் சொல்வார்கள். சுறா வந்ததில் அவர்களுக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றுமில்லை. கடலோரத்தில் குடியிருந்தால் கடலில் இருப்பது என்றைக்காவது வரத்தான் செய்யும். ஆனால் உடம்பில் ஒரு நோயும் இல்லாத மனுஷன், பானை நிறைய சோறு இருக்க, அத்தனை காலம் அதைத் தொடாமல் இருந்தான் என்பதைத்தான் அவர்களால் நம்ப முடியவில்லை.

கயித்தான் அந்த ஊரின் கடல்கட்டி. வெள்ளைக்காரத் துரைமார் கரையில் கூடாரம் அடித்து உட்கார்ந்து, கடலுக்கடியில் இருக்கும் சிப்பியெல்லாம் தங்கள் அரசனுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. முத்துக்குளிப்பு நடக்கும் பருவத்தில், தோணிகள் புறப்படுமுன் கயித்தான் ஈரம் படாத மணலில் நின்று கடலைப் பார்த்துக் கட்டு மந்திரம் சொல்வான். சொன்னதும் அந்தப் பக்கத்துக் கடலில் இருக்கும் சுறா அத்தனைக்கும் வாய் கட்டிவிடும். அவன் சொல்லாமல், துரை துப்பாக்கியை நீட்டினாலும் ஒரு குளிகாரனும் தண்ணீரில் இறங்க மாட்டான். பிறகு கயித்தான் ஜன்னல் இல்லாத ஒரு குடிசைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். உள்ளே ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர், தண்ணீரில் வெள்ளியில் செய்த இரண்டு மீன்கள், ஒன்று ஆண், ஒன்று பெண். கடலில் யாரையாவது சுறா கடிக்கப் போனால் தாம்பாளத்தில் ஒரு மீன் இன்னொன்றைக் கடிக்கும். அதைப் பார்த்தபடி பேசாமல், சாப்பிடாமல், சூரியன் இறங்கும்வரை இருப்பது அவன் வேலை. சூரியன் இறங்கியதும் அவிழ்ப்பு மந்திரம் சொல்ல வேண்டும். பகல் முழுக்க மூடியிருந்த அவன் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை அந்த அவிழ்ப்பாகத்தான் இருக்க வேண்டும். வேறு எது முந்திக்கொண்டாலும் கட்டு அப்படியே நின்றுபோகும். அவிழ்க்காமல் விடக் கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள் சொன்னார்கள். ஒன்று, சுறாவும் சாப்பிட வேண்டும். இரண்டு, இருட்டியபிறகு சுறாவின் வாய் திறந்திருந்தால்தான் சிப்பித் திருடர்கள் கடலில் இறங்கப் பயப்படுவார்கள்.

கயித்தானின் முன்னோர் சிலுவையை ஏற்றுக்கொண்டு மூன்று தலைமுறை ஆகியிருந்தது. மந்திரத்துக்கு மட்டும் யாரும் ஞானஸ்நானம் கொடுத்திருக்கவில்லை. கோயில் சாமியார் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். "கடைசியில ஒரு அருள் நிறைந்த மரியே சேத்துக்கோ. அதைச் சத்தமாச் சொல்லு. மத்ததை மெதுவாச் சொல்லு" என்றார். கயித்தான் அப்படியே செய்தான். சொல்லிக்கொடுத்த எதையும் அவன் அப்படியே செய்வான். கடல்கட்டி கடலில் கால் நனைக்கக் கூடாது, கட்டினவனின் ருசி சுறாவுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பது விதி. விதிகளிலேயே அவனுக்கு மிகவும் பிடித்த விதி அதுதான். அவனுக்குத் தண்ணீரென்றால் பயம். ஒரு செம்புத் தண்ணீரில் முக்கால் செம்பு மிச்சம் வைத்துக் குளிப்பவன். முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. பகலெல்லாம் அவனோடு பேசக் கூடாது என்பது விதியாக இருந்ததால், சாயங்காலம் பேசலாம் என்பதையும் ஊர் மறந்துபோயிருந்தது.

மதலேனாள் எதையும் அப்படியே செய்தவள் அல்ல. செத்துப்போன தகப்பன் விட்டுப்போன தோணி ஒன்று அவளிடம் இருந்தது. பெண்பிள்ளை முத்துக்குளிக்க இறங்கக் கூடாது என்று ஊர்த்தலைவரான பட்டங்கட்டி சொல்லியிருந்தார். சரி, பகலில்தானே கூடாது என்று அவள் முடிவு செய்துகொண்டாள். குளிகல்லைப் பிடித்துக்கொண்டு அவள் இறங்கினால், மேலே கயிறு பிடித்து நிற்கும் கிழவன் தூங்கி எழுந்து மறுபடி தூங்கும்வரை மூச்சடக்கி இருப்பாள் என்று சொல்வார்கள். அந்த மூச்சையெல்லாம் மேலே வந்ததும் பேச்சாகச் செலவு செய்வாள். அவள் பேசிக்கொண்டே சந்தைக்குப் போனால் மீன் விலை குறையும், பேசிக்கொண்டே திரும்பினால் மறுபடி ஏறும். அவளுக்கு இருந்த ஒரே தடை சூரியன் இறங்கியபின் வாய் திறந்து அலையும் சுறாக்கள். ஒரே ஒரு தடவை அவை வாய் திறக்காமல் இருந்தால் போதும் என்று அவள் நினைத்தாள்.

ஆகவே ஒரு சாயங்காலம், சூரியன் தண்ணீரைத் தொடும் நேரத்தில், மதலேனாள் கயித்தானின் குடிசைச் சுவருக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே கயித்தான் எழுந்து, அவிழ்ப்பைச் சொல்ல வாயைத் திறந்தான்.

"கடல்கட்டியாரே, சாப்பிட்டீரா?" என்று கேட்டாள் மதலேனாள்.

தன் தகப்பன் செத்தபிறகு அந்தக் கேள்வியைக் கயித்தானிடம் யாரும் கேட்டதில்லை. அவன் வாய் ஏற்கெனவே திறந்திருந்தது.

"இன்னும் சாப்பிடல" என்றான்.

பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். தாம்பாளத்தில் வெள்ளி மீன்கள் ஒன்றையொன்று பார்த்தன.

மதலேனாள் நன்றாக இருட்டுவதற்குள் தோணி தளும்பச் சிப்பி அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். அவிழ்ப்பை இழந்த கயித்தானுக்கு ஒரே வழிதான் இருந்தது. மறுநாள் காலை புதிதாகக் கட்டு சொல்ல வேண்டும், பகல் முழுக்கப் பேசாமல் இருக்க வேண்டும், சாயங்காலம் முறைப்படி அவிழ்க்க வேண்டும். அப்படியே செய்யலாமென்று விடிந்ததும் கதவைத் திறந்தான். வாசலில் சுறாக்கள் நின்றிருந்தன.

அவை கடலில் இருப்பதுபோலவே காற்றில் இருந்தன, தரையிலிருந்து இடுப்பு உயரத்தில், வாலை மெதுவாக அசைத்துக்கொண்டு. கடற்கரையிலிருந்து கயித்தான் வாசல்வரை தெரு அடைத்து நின்றன. புலிச்சுறா, கொம்பன்சுறா, பேர் தெரியாத சுறா எல்லாம், வாய் இறுகி மூடி, பசித்த கண்ணோடு, தங்களைக் கட்டினவனைப் பார்த்துக்கொண்டு நின்றன. கயித்தான் பக்கத்துத் தெருவுக்கு ஓடினான். அவையும் பக்கத்துத் தெருவுக்கு வந்தன, ஓடாமல், மரியாதையாக. அவன் கோயிலுக்குப் போனான். அவையும் கோயிலுக்கு வந்தன. இங்கே நின்று அவிழ்த்தால் முதல் கவளம் யார் என்று கயித்தானுக்குப் புரிந்துவிட்டது. இரண்டாவது கவளம் புன்னந்துறை.

ஊர் முதலில் கதவைச் சாத்திக்கொண்டது. பிறகு, அடுப்பு மூட்ட விறகு வேண்டும், விறகு வெளியே இருக்கிறது என்பதால் கதவைத் திறந்தது. சுறா ஒன்றும் செய்யவில்லை. அதன் பிறகு ஊர் சுறாவோடு வாழப் பழகிய வேகத்தைப் பார்த்தால், இத்தனை காலம் அவை இல்லாமல் எப்படித்தான் இருந்தார்களோ என்று தோன்றும். தெருவில் எதிரே சுறா வந்தால் இடதுபக்கம் ஒதுங்க வேண்டும் என்று பட்டங்கட்டி உத்தரவு போட்டார். பெண்கள் துவைத்த துணியைச் சுறாவின் முதுகுத் துடுப்பில் காயப்போட்டார்கள். அது ஆடி அசைந்து அடுத்த தெருவுக்குப் போய்விட, ஒருத்தி சேலை இன்னொருத்தி வீட்டில் காய்ந்து, அதனால் ஏழெட்டுச் சண்டையும் ஒரு நிச்சயதார்த்தமும் நடந்தன. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குச் சுறாக்கள் ஒன்று தவறாமல் வந்ததால், ஆண்கள் பக்கம் எது நிற்பது, பெண்கள் பக்கம் எது நிற்பது என்று கேள்வி வந்தது. சாமியார், மீன் வெட்டும் பெண்களைக் கூப்பிட்டு அடிவயிற்றைப் பார்த்துப் பிரிக்கச் சொன்னார். நற்கருணை மட்டும் கொடுக்கவில்லை. வாய் திறக்காததுதான் காரணம், மற்றபடி தமக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

சுறாப்புட்டு செய்வது நின்றுபோனது. நின்றுபோனது என்றும் சொல்ல முடியாது. கதவைச் சாத்திக்கொண்டு செய்தார்கள், தாளிக்கும்போது உரக்க ஜெபம் சொன்னார்கள்.

ஒற்றைக்கால் சிங்கராயன் ஒரு காலத்தில் பெரிய குளிகாரன். கடல்கட்டிக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாளில், கட்டாத கடலில் இறங்கிக் காலைக் கொடுத்தவன். கூட்டத்தில் ஒரு கிழட்டுப் புலிச்சுறாவின் மூக்கில் இருந்த தழும்பை அவன் அடையாளம் கண்டுகொண்டான். அந்தத் தழும்பு அவன் கத்தி போட்டது. அன்றிலிருந்து இரண்டு பேரும் புன்னை நிழலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். "என்ன மக்கா, என் கால் சௌக்கியமா?" என்று தினமும் விசாரிப்பான் சிங்கராயன். சுறா துடுப்பை அசைக்கும். "பாத்துக்கோ, அதுல வாதம் உண்டு, மழை வந்தா வலிக்கும்" என்பான்.

முத்துக்குளிப்பை நடத்திவந்த வில்லம் துரைக்குத்தான் எல்லோரையும்விடச் சந்தோஷம். சுறா எல்லாம் கரையில் இருந்தால் கடலில் ஒன்றும் இல்லை. கடலில் ஒன்றும் இல்லையென்றால் குளிப்பை நிறுத்தவே வேண்டியதில்லை. பருவத்தை நீட்டித்து, சுறாக்களைக் கடலுக்கு ஓட்டிச்செல்பவன் முதுகில் தோல் இருக்காது என்று தமுக்கடிக்கச் சொன்னார். தம் கூடாரத்துக்குள் சுறா நுழையக் கூடாது என்று தனியாக ஓர் உத்தரவும் போட்டார். கூடாரத்தில் ஏற்கெனவே ஒரு கொம்பன்சுறா இருந்தது. உத்தரவு நுழைவதைப் பற்றித்தானே, இருப்பதைப் பற்றி இல்லையே என்று அதை விட்டுவிட்டார்கள்.

மதலேனாளுக்கு மட்டும் வியாபாரம் கெட்டது. சாயங்காலம் சிப்பி அள்ளத் தோணியைக் கிளப்பிக்கொண்டு போனால் அங்கே ஊரே வந்திருந்தது. மூன்றாவது தடவை போனபோது தண்ணீருக்கடியில் யாரோ அவள் தலையில் முட்டினார்கள். மேலே வந்து பார்த்தால் பட்டங்கட்டி.

"பொம்பளப்பிள்ள முத்துக்குளிக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லுறது?" என்றார் அவர், தாடியிலிருந்து தண்ணீர் வடிய.

"திருடக் கூடாதுன்னு சொல்லலையே மாமா" என்றாள் அவள்.

அதன்பிறகு அவள் கடலுக்குப் போகவில்லை. கயித்தானின் குடிசைக்குப் போனாள். முதல் தடவை, திருட்டில் ஒரு பங்கு கொடுக்கத்தான் போனாள். அவன் வாங்கவில்லை. அவன் சாப்பிடவும் இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தாள்.

"ஏன் சாப்பிடல?"

"கட்டினவன் அவிழ்க்காம சாப்பிடக் கூடாது."

"அது ஒருநாள் விரதம்வே. சாயங்காலம் முடிஞ்சிரும்."

"அவிழ்க்கிறவரைக்கும்னுதான் எங்கப்பா சொன்னாரு. சாயங்காலம் வரைக்கும்னு சொல்லல."

"நீரு ஒரு வாய் தின்னா யாருக்குத் தெரியப் போகுது?"

கயித்தான் சுற்றிலும் பார்த்தான். வாசல், கூரை இடுக்கு, விறகு அடுக்கு எல்லா இடத்திலிருந்தும் சுறாக்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இவங்களுக்குத் தெரியும்" என்றான்.

அவள் மறுநாளும் சோறு கொண்டுவந்தாள். அதற்கு மறுநாளும். முதலில் திட்டினாள், பிறகு கெஞ்சினாள், பிறகு கதை சொன்னாள், தகப்பன் கதை, தோணி கதை, கடலுக்கடியில் இருக்கும் மேடு பள்ளம், அங்கே வெளிச்சம் எப்படி விழும், சிப்பி மூடும்போது என்ன சத்தம் வரும் எல்லாம் சொன்னாள். கயித்தான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கேட்டான். கால் வைக்காத கடல் முழுவதையும் அவள் வாயிலிருந்துதான் அவன் முதன்முதலாகப் பார்த்தான். அவள் போனபின் குடிசை சின்னதாகிவிட்டதுபோல இருக்கும். அவனுக்குக் கழுத்து எலும்பு தெரிய ஆரம்பித்தது, கன்னம் குழிந்தது, நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டான். சுறாக்களும் அப்படியே மெலிந்தன. இடுப்பு உயரத்தில் இருந்தவை முழங்கால் உயரத்துக்கு இறங்கின, முழங்கால் உயரத்தில் இருந்தவை மணலை உரசிக்கொண்டு நகர்ந்தன. பிள்ளை பெற்ற பெண்கள் மனசு கேட்காமல், குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கை எடுத்து, சுறாவின் மூடிய உதட்டோரத்தில் வைத்து, கஞ்சித் தண்ணீர் விட்டார்கள். ஒரு சொட்டு உள்ளே போகும், ஒன்பது சொட்டு மணலில் போகும். கயித்தான் தனக்கு அதுவும் வேண்டாமென்றான்.

அப்புறம் ஒரு குட்டிச் சுறா சந்தையில் விழுந்து செத்தது. ஊர் கூடியது.

"அவிழ்த்துவிட்டா நம்மளத் தின்னும்" என்றார் பட்டங்கட்டி. "கடலுக்குக் கொண்டுபோய் அவிழ்த்தா கடல் நமக்கு இல்ல. அதனால இந்தப் பருவம் முடியட்டும்."

"முடிஞ்சா?" என்று கேட்டாள் மதலேனாள்.

"அடுத்த பருவம் வருமே."

"அதுவரைக்கும் கயித்தான்?"

"கயித்தானை யாரு சாப்பிட வேண்டாம்னு சொன்னது? ஏலே கயித்தான், சாப்பிடுலே. ஊர் சொல்லுது, சாப்பிடு."

எல்லோரும் சாப்பிடு சாப்பிடு என்றார்கள். சாமியார் பாவமன்னிப்பு முன்கூட்டியே தருவதாகச் சொன்னார். கயித்தான் தூணில் சாய்ந்து நின்றிருந்தான். நிற்க அவனுக்குத் தூண் தேவைப்பட்டது.

"கட்டினவன் அவிழ்க்காம சாப்பிடக் கூடாது" என்றான். இதை அவன் பிடிவாதமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னான்.

கூட்டம் முடிந்ததும் மதலேனாள் அவனைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனாள். "நாளைக்கு விடிய உம்ம என் தோணில ஏத்துறேன். அங்க வச்சு முறைப்படி கட்டும், முறைப்படி அவிழ்த்துவிடும். இதுங்க உம்ம பின்னாலேயே வரும்."

"நான் கடலுக்கு வரமாட்டேன்."

"காலு நனையாம கொண்டுபோறேன்."

"நீ பேசுவ. நீ பேசினா நான் பதில் சொல்லிருவேன். முதல் வார்த்தை போயிரும்."

"நான் பேச மாட்டேன்."

கயித்தான் முதல் தடவையாக அவளிடம் சிரித்தான். அவளுக்குக் கோபம் வந்தது. "ஒரு பகல் பேசாம இருக்க முடியாதா என்னால?" என்று ஆரம்பித்து, தன்னால் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்க முடியும் என்பதைப் பற்றிக் கோழி அடையும்வரை பேசினாள்.

விடியும்போது கயித்தான் கதவைத் திறக்கவில்லை. மதலேனாள் கூரையைப் பிரித்து இறங்கி, அவனைத் தோளில் போட்டுக்கொண்டாள். அவன் அப்போது ஒரு கட்டு விறகின் எடைதான் இருந்தான். ஆனால் விதிப்படி மந்திரம் சொல்பவன் காலடியில் மணல் வேண்டும் என்றான், ஆகவே ஒரு கூடை கரைமணல் ஏற்றினாள். தாம்பாளம் வேண்டும் என்றான், வெள்ளி மீனோடு தாம்பாளமும் ஏறியது. இவ்வளவும் ஆனபின் அவளாக ஒரு சட்டியை மூடி ஏற்றினாள். என்ன அது என்றான். சாயங்காலம் தெரியும் என்றாள்.

தோணி நகர்ந்ததும் ஊரிலிருந்த சுறாக்கள் எல்லாம் திரும்பின. கோயிலிலிருந்து வந்தன, சந்தையிலிருந்து வந்தன, துடுப்பில் யார் யார் துணியோ தொங்க வந்தன, துரையின் கூடாரத்திலிருந்த கொம்பன்சுறா ஒரு கொசுவலையைச் சுற்றிக்கொண்டு வந்தது. நீர் விளிம்பில் ஒவ்வொன்றாகத் தொப் தொப்பென்று விழுந்தன. புன்னை நிழலில் சிங்கராயன் எழுந்து நின்று, கைத்தடியைத் தூக்கிக் காட்டினான். "போயிட்டு வா மக்கா. காலு பத்திரம்!"

கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கயித்தான் மணல் கூடையில் காலை ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு கட்டு மந்திரம் சொன்னான். கட்டுக்கு ஒரு வாய் வேண்டும். சுறா வாயெல்லாம் ஏற்கெனவே கட்டிக் கிடந்தன. மந்திரம் கொஞ்ச நேரம் தண்ணீர்மேல் தேடிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் திறந்திருந்த ஒரே வாயில் போய் உட்கார்ந்தது.

கயித்தான் கண்ணைத் திறந்தபோது மதலேனாள் தன் உதட்டை இரண்டு கையாலும் பிய்த்துக்கொண்டிருந்தாள். உதடு பிரியவில்லை. அவள் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அன்றைக்குப் பகல் முழுக்கச் சொல்வதற்கு இருந்த எல்லாம் இருந்தது. மன்னிப்புக் கேட்க அவன் வாயைத் திறக்கப் போனான். திறந்தால் மறுபடி எல்லாம் போகும் என்று நினைவு வந்து, மூடிக்கொண்டு கையைக் கூப்பினான். அவள் துடுப்பை எடுத்து அவன் முட்டியில் போட்டாள்.

அப்படித்தான் அந்தப் பகல் போயிற்று. காற்று பாயை நிரப்பியது, கரை மறைந்தது, சுற்றிலும் சுறாக்களின் கறுப்புத் துடுப்புகள் ஒரு ஊர்வலம்போல வந்தன, நடுவில் ஒரு தோணியில் இரண்டு பேர் ஒரு சத்தமும் இல்லாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் தன் வாயைக் காட்டினாள், அவனைக் காட்டினாள், கழுத்தை நெரிப்பதுபோல் காட்டினாள். அவன் வானத்தைக் காட்டினான், சூரியனைக் காட்டினான், சாயங்காலம் என்று கையை இறக்கிக் காட்டினான். பிறகு வாந்தியெடுத்தான், வயிற்றில் ஒன்றுமில்லாததால் வாந்தியும் சும்மா வந்து போனது. அவள் சண்டையை நிறுத்திவிட்டு அவன் தலையைத் தன் மடியில் சாய்த்து, சேலைத் தலைப்பால் வெயிலை மறைத்தாள். கண் விழித்துப் பார்த்தவன், அவள் கதையில் கேட்ட கடல் இதுதான் என்று அடையாளம் கண்டுகொண்டான். சொன்னதைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தது.

மத்தியானம் துரையின் காவல் தோணி அவர்களைப் பிடித்தது. அதன் தலைவன் தொம்மைத் தண்டல், மதலேனாளைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவன். அவள் வாய்க்குப் பயந்து வேறு தெருவுக்குக் குடிபோனவன்.

"எங்கட்டி போற? துரை உத்தரவு தெரியும்லா?" என்று கத்தினான்.

மதலேனாள் அவனைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

"கேக்கேன்ல? எங்க போற?"

ஒன்றும் சொல்லவில்லை.

"உங்கப்பன் இருந்தா இந்தக் களவாணித்தனத்துக்கு நாண்டுக்கிட்டுச் செத்திருப்பான்" என்றான் தண்டல், பதில் வாங்குவதற்காகவே.

மதலேனாளின் கன்னம் உப்பியது, காது சிவந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. தண்டல் மெதுவாகத் துடுப்பைக் கீழே வைத்தான். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

"திருப்புங்கலே தோணிய" என்றான் தன் ஆட்களிடம். "மதலேனா பதில் சொல்லாம இருக்கான்னா அந்தத் தோணில என்னமோ ஏறியிருக்கு. சுறாவக்கூடச் சமாளிக்கலாம். இது நம்மால ஆகாது."

சூரியன் தண்ணீரைத் தொட்டது. கயித்தான் எழுந்து மணல் கூடைமேல் ஏறி நின்றான். தோணியில் எழுந்து நிற்கக் கூடாது என்பது புன்னந்துறையில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். கடலுக்கே வராத கயித்தானுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சொல்லிக்கொடுக்கக்கூடிய ஒரே ஆளின் வாயை அவனே கட்டியிருந்தான். அவள் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். அவன் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டான். அவிழ்ப்பை மெதுவாகச் சொன்னான், அருள் நிறைந்த மரியேயைச் சத்தமாகச் சொன்னான்.

கிட்டத்தில் இருந்த வாய் முதலில் திறந்தது.

"உக்காரும்வே!" என்று அலறினாள் மதலேனாள்.

அதற்குள் அவன் தண்ணீரில் இருந்தான்.

சுற்றிலும் கடல் கொதிப்பதுபோலச் சுறாக்கள் வாய் திறந்தன. இத்தனை நாள் பசி, அதன் நடுவில் அவற்றைக் கட்டினவன். மதலேனாள் குதிக்கப் போனாள். எங்கே குதிப்பது என்று தெரியவில்லை, நுரையும் வாலும்தான் தெரிந்தன. அப்போது காலடியில் தாம்பாளம் கணகணவென்று ஆடியது. குனிந்து பார்த்தாள். பெண் மீன் அசையாமல் கிடந்தது. ஆண் மீன் வெள்ளி வாயைத் திறந்துகொண்டு அதை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அதன் பற்களை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அவள் யோசிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே தன் சுட்டுவிரலை வைத்தாள்.

மீன் கடித்தது. எலும்புவரை கடித்தது. அவள் பகல் முழுக்கச் சேர்த்துவைத்த அத்தனை வசவையும் ஒரே மூச்சில் சொன்னாள், துரையை, தொம்மைத் தண்டலை, பட்டங்கட்டியை, விதியை, விதி செய்தவனை. விரலை மட்டும் எடுக்கவில்லை. தண்ணீருக்கடியில் ஒரு கிழட்டுப் புலிச்சுறாவின் பற்கள் கயித்தானின் தொடைமேல் வந்து, வைத்தபடி நின்று, அழுத்த முடியாமல் கொஞ்சம் யோசித்து, விலகிப் போயின. மற்றவையும் ஒவ்வொன்றாக மோந்து பார்த்துவிட்டு, ஆழத்தில் தங்களுக்கு வேறு வேலை இருப்பதை நினைத்துக்கொண்டு போயின.

அவள் இன்னொரு கையால் அவன் குடுமியைப் பிடித்துத் தோணிக்குள் போட்டாள். அவன் கிடந்தான், தலைமுதல் கால்வரை நனைந்து. கடல்கட்டி வேலை அத்தோடு முடிந்தது என்று அவனுக்குத் தெரியும். அவன் ருசி சுறாவுக்குத் தெரிந்துவிட்டது, இனி அவன் கட்டினால் எதுவும் கட்டுப்படாது. அதைப் பற்றித் துரை பிற்பாடு குதித்ததும், சில சுறாக்கள் சாயங்காலமானால் கஞ்சிக்காகக் கரையோரம் வந்து நிற்கப் பழகியதும், சிங்கராயன் சங்கும் கையுமாக அங்கே காத்திருந்ததும் பிறகு நடந்தவை. அப்போது கயித்தான் பார்த்தது தாம்பாளத்தை மட்டும்தான். தண்ணீர் சிவந்திருந்தது. அவள் விரலில் அரைவட்டமாகச் சின்னச் சின்னப் பல் பதிந்திருந்தது. தன் தொடையைப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை.

அவன் வேட்டியைக் கிழித்து விரலைக் கட்டினான். கட்டுவது மட்டும் அவனுக்கு நன்றாக வரும். அவள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்துதான் இருந்தது, பேச்சு வரவில்லை. எல்லாவற்றையும் வைதே தீர்த்துவிட்டாள் போலிருக்கிறது. அந்த அமைதியை என்ன செய்வதென்று கயித்தானுக்குத் தெரியவில்லை. அவனாக ஒரு பெண்ணிடம் எதுவும் கேட்டதில்லை. தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டான்.

"மதலேனா, சாப்பிட்டியா?"

"இன்னும் சாப்பிடல" என்றாள் அவள்.

சட்டியைத் திறந்தாள். சுறாப்புட்டு. நேற்றுச் சாயங்காலமே கதவைச் சாத்திக்கொண்டு, வெங்காயமும் பச்சைமிளகாயும் தாராளமாகப் போட்டுக் கிளறியது. கயித்தான் சட்டியைப் பார்த்தான், கடலைப் பார்த்தான். கொஞ்ச தூரத்தில் இன்னும் இரண்டு மூன்று துடுப்புகள் போகாமல் நின்றுகொண்டிருந்தன.

"மெதுவா" என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "பாத்துட்டிருக்காங்க."

இரண்டு பேரும் கடலுக்கு முதுகைக் காட்டி, தோணியின் நடுவில் நெருங்கி உட்கார்ந்துகொண்டு, சத்தம் வராமல் சாப்பிட்டார்கள்.